அபாயக் கழிவுப் புதைநிலங்களும் தொடர் கண்காணிப்பும்

2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி இரவு, போபால் நகரிலிருந்து 12 சரக்கு வண்டிகள், பலத்த போலீஸ் காவலுடன், மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்திலுள்ள பீதம்பூர் தொழிற்பேட்டையை நோக்கிப் புறப்பட்டன. 1984 டிசம்பரில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்த பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் வளாகத்தில் நாற்பது ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு அவற்றில் ஏற்றப்பட்டிருந்தது. பீதம்பூர் மக்களிடையே எதிர்ப்பு எழுந்தது. பின்னர் உயர்நீதிமன்றத்தின் மேற்பார்வையில் சோதனை எரிப்புகள் நடைபெற்றன. ஜூன் மாத இறுதிக்குள் அந்த 337 டன்னும் எரிக்கப்பட்டுவிட்டது. நெடுநாளைய துயரம் ஒன்றின் கடைசி அத்தியாயம் முடிவுற்றதாகப் பலர் கருதியிருக்கக்கூடும்.

உண்மையில் கழிவு முடிந்துவிடவில்லை. எரியும்போது எழும் அமில வாயுக்களை அடக்குவதற்காகச் சேர்க்கப்பட்ட சுண்ணாம்பு முதலியவற்றோடு கூடி, எரித்த கழிவைக் காட்டிலும் எடை மிகுந்த சாம்பலும் எச்சமும் மிஞ்சின. கரிமப் பொருள்களை நெருப்பு அழிக்கும். உலோகங்களை அது அழிப்பதில்லை. ஆகவே இச்சாம்பலை எங்கே, எவ்வாறு புதைப்பது என்னும் வினா மீண்டும் உயர்நீதிமன்றத்தின் முன் சென்றது. குடியிருப்புகளுக்கு அண்மையில் புதைக்கலாமா என்பதே அதில் தலையாய பிரச்சினையாக இருந்தது.

தொழில் வளர்ச்சியின் விளைவாகத் தோன்றும் அபாயக் கழிவுகளுள் கணிசமான பகுதி, எவ்வகைச் சுத்திகரிப்புக்குப் பின்னரும், இறுதியில் மண்ணையே வந்தடைகிறது. அவ்வாறு அதனை ஏற்கும் இடம் எத்தனை நேர்த்தியாகக் கட்டப்பட்டிருப்பினும், கட்டுமானம் மட்டுமே பாதுகாப்பைத் தந்துவிடாது. புதைத்ததைப் பல்லாண்டுகள் கண்காணிப்பதும், கண்டதைப் பதிவு செய்வதும், பதிவானதைப் படித்துக் காலத்தே நடவடிக்கை எடுப்பதுமே பாதுகாப்பாகும். இக்கண்காணிப்பின் தன்மையையும், அதற்கான பொருளாதார அடிப்படையையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டத்தின் வளர்ச்சி

போபால் விபத்தை அடுத்து 1986இல் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு)ச் சட்டம் நிறைவேறியது. அதன்கீழ் 1989இல் அபாயக் கழிவுகளைக் கையாளுவதற்கான விதிகள் முதன்முதலாக வெளியிடப்பட்டன. அதே ஆண்டில், அபாயக் கழிவுகள் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கொண்டு செல்லப்படுவதை ஒழுங்குபடுத்தும் பேசல் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா 1992இல் அதனை ஏற்றது. 1989ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பதிலாக 2008இலும், பின்னர் 2016இலும் விரிவான விதிகள் வந்தன. கழிவை உண்டாக்கும் தொழிற்சாலை, அதைக் கொண்டு செல்பவர், பெற்றுப் புதைப்பவர், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகிய ஒவ்வொருவரின் பொறுப்பும் இவ்விதிகளில் வரையறுக்கப்பட்டுள்ளது.

ஒவ்வொரு தொழிற்சாலையும் தனித்தனியே குழி வெட்டிப் புதைப்பதைத் தவிர்த்து, பல தொழிற்சாலைகளின் கழிவைப் பொதுவான ஓரிடத்தில் சேர்த்து, சோதித்து, பதப்படுத்தி, புதைக்கும் முறை நாட்டில் பரவியுள்ளது. குஜராத்தில் அங்கலேஷ்வர், மகாராஷ்டிரத்தில் தலோஜா, ஐதராபாத்துக்கு அருகே துண்டிகல், தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டி, மேலே கூறிய பீதம்பூர் ஆகிய இடங்களில் இத்தகைய பொது நிலையங்கள் நிறுவப்பட்டன. இவற்றில் கழிவு இறுதியாகப் புதைக்கப்படும் பகுதியே ‘புதைநிலம்’ என்று இங்கு குறிக்கப்படுகிறது.

பிச்ரி தந்த பாடம்

புதைநிலமும் கண்காணிப்பும் இல்லாதவிடத்து நிகழக்கூடியதை இராஜஸ்தானின் உதயப்பூர் மாவட்டத்திலுள்ள பிச்ரி கிராமம் நாட்டுக்கு உணர்த்தியது. அங்கு 1980களின் பிற்பகுதியில் சாயத் தொழிலுக்குத் தேவையான எச்-அமிலம் உற்பத்தி செய்யப்பட்டது. உற்பத்தி நெடுங்காலம் நீடிக்கவில்லை. ஏறத்தாழ 375 டன் அமிலமே தயாரிக்கப்பட்டது. ஆனால் அதனால் விளைந்த சேற்றுக் கழிவு சுமார் 2,440 டன். அதாவது, விற்பனைக்குச் சென்ற ஒவ்வொரு டன் பொருளுக்கும் ஆறரை டன் கழிவு கிராமத்தில் தங்கிவிட்டது. திறந்த வெளியில் கொட்டப்பட்ட அக்கழிவின் நஞ்சு மழைநீரோடு மண்ணுள் இறங்கியது. கிணற்று நீர் செந்நிறமாக மாறியது. குடிக்கவும் பாசனத்துக்கும் உதவாததாயிற்று.

1996 பிப்ரவரி 13 அன்று உச்சநீதிமன்றம் இவ்வழக்கில் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே அதைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்னும் நெறி அத்தீர்ப்பினால் நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக இடம்பெற்றது. எனினும் தீர்ப்பு வந்தவுடன் பணம் வந்து சேரவில்லை. சீரமைப்புக்கென மதிப்பிடப்பட்ட 37.385 கோடி ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீதக் கூட்டுவட்டியுடன் செலுத்துமாறு 2011 ஜூலையில் உச்சநீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. சில மாத உற்பத்தியின் விளைவு, இருபதாண்டுகளுக்கும் மேலாக வழக்காக நீடித்தது. இக்காலம் முழுவதும் இழப்பைச் சுமந்தவர்கள், அமிலத்தை விற்றவர்களோ வாங்கியவர்களோ அல்லர். கிணற்றை இழந்த உழவர்களே.

கான்பூர் வட்டாரத்திலும் தமிழ்நாட்டின் இராணிப்பேட்டையிலும் குரோமியக் கழிவுகள் திறந்த வெளியில் குவிக்கப்பட்டு, பின்னர் ஆலைகள் மூடப்பட்டதும் கேட்பாரற்று விடப்பட்ட நிகழ்ச்சிகளும் இதே பாடத்தையே கூறுகின்றன.

இடமும் அமைப்பும்

புதைநிலத்தின் முதற் பாதுகாப்பு அதன் இடத்தேர்வாகும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2001இல் வெளியிட்ட நெறிகளின்படி, ஏரி குளங்களிலிருந்து 200 மீட்டரும், ஆற்றிலிருந்து 100 மீட்டரும், குடியிருப்பிலிருந்து 500 மீட்டரும் தள்ளியே புதைநிலம் அமைய வேண்டும். நூறாண்டுக்கு ஒருமுறை வரத்தக்க வெள்ளம் பரவும் நிலம் விலக்கப்பட வேண்டும். அடித்தளத்துக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே குறைந்தது 2 மீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும்.

அடுத்தது அடித்தளம். நன்கு இறுக்கப்பட்ட 1.5 மீட்டர் களிமண் படுகையும், அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள அடர்த்திமிகு பாலித்தீன் தாளும், அதற்கும் மேலே கசிவுநீரைத் திரட்டி வெளியேற்றும் சரளைப் படுகையும் குழாய்களும் அமைக்கப்படுகின்றன. மழை மிகுந்த இடங்களிலும், நீர்மட்டம் உயர்ந்த இடங்களிலும் இவ்வமைப்பு இரட்டையாக இருக்கும். அப்போது இரு தாள்களுக்கும் இடையே கசிவைக் கண்டறியும் படுகை ஒன்று இடம்பெறும்.

இவ்வளவும் இருக்கையில் கண்காணிப்பு எதற்கு என்று வினவலாம். எளிய கணக்கு ஒன்று இதற்கு விடை தரும். களிமண் படுகை நொடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்குக்கு மேல் நீரைக் கடத்தக்கூடாது என்பது நெறி. செவிக்கு இது நீரே புகாத படுகையாகத் தோன்றும். ஆனால் ஓராண்டில் 3.15 கோடி நொடிகள் உள்ளன. எனவே, நீர் தன் எடையாலேயே இறங்குவதாகக் கொண்டால், ஆண்டுக்கு 3.15 சென்டிமீட்டர் நீர் அப்படுகையைக் கடந்துவிடும். ஒரு ஹெக்டேர் பரப்பில் இது 3,15,000 லிட்டர். களிமண்ணின் மீது பாலித்தீன் தாள் செவ்வனே படிந்திருந்தால் இக்கசிவு மிகமிகக் குறைந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் தாள்களை ஒன்றோடொன்று வெப்பத்தால் இணைக்கும் இடத்தில் சிறு குறை நேரலாம். சரளையைப் பரப்பும் வண்டியின் சக்கரம் தாளைக் கிழிக்கலாம். எந்த அடித்தளமும் கசிவைத் தாமதப்படுத்துமேயன்றி, என்றென்றைக்குமாகத் தடுத்துவிடாது. தாமதம் தரும் காலத்தைப் பயன்படுத்திக் கொள்வதே கண்காணிப்பின் வேலையாகும்.

வாயிலில் சோதனை

கண்காணிப்பு கிணற்றில் தொடங்குவதில்லை; புதைநிலத்தின் வாயிலிலேயே தொடங்குகிறது. கழிவு புறப்படும்போதே அதன் தன்மை, அளவு, அனுப்புவோர், கொண்டு செல்வோர், பெறுவோர் ஆகிய விவரங்கள் அடங்கிய சீட்டு ஏழு படிகளாகத் தயாரிக்கப்பட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. வண்டி வந்தவுடன் மாதிரி எடுத்து, சீட்டில் உள்ளபடியே கழிவும் உள்ளதா என்று ஒப்பிட வேண்டும்.

இச்சோதனை வெறும் சம்பிரதாயம் அன்று. சயனைடு கலந்த கழிவும் அமிலக் கழிவும் ஒன்றோடொன்று சேர்ந்தால் உயிரைக் கொல்லும் வாயு எழும். சல்பைடுக் கழிவின் மீது அமிலம் பட்டாலும் அவ்வாறே. தவறான சீட்டுடன் வரும் ஒரு பீப்பாய், அதை இறக்கும் தொழிலாளியின் உயிருக்கே உலையாகலாம். ஆகவே முகமூடி, கையுறை, காலணி ஆகியவற்றை வழங்குவதோடு நிர்வாகத்தின் கடமை முடிந்துவிடாது. எந்தத் தொழிலாளி எந்த நாளில் எவ்வகைக் கழிவைக் கையாண்டார் என்ற பதிவும், அவரது மருத்துவப் பரிசோதனைப் பதிவும் ஒருங்கே வைத்து ஒப்பிடப்பட வேண்டும். சில நோய்கள் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படுவதால், ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் இப்பதிவு இன்றியமையாதது.

புதைப்பதற்கு முன் கழிவு மண்ணில் எவ்வளவு கரையும் என்பதையும் அறிய வேண்டும். கழிவின் ஒரு பங்கை அதன் எடையைப்போல் இருபது மடங்கு நீர்த்த அசெட்டிக் அமிலக் கரைசலோடு சேர்த்து, சுமார் 18 மணி நேரம் சுழற்றி, பின் வடிகட்டிய நீரில் உலோகங்களை அளக்கும் முறை இதற்குக் கையாளப்படுகிறது. அந்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பின் அக்கழிவு அபாயக் கழிவாகும். காட்மியத்துக்கு இவ்வரம்பு 1 மில்லிகிராம், பாதரசத்துக்கு 0.2 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே. முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வேறுபாடு 500 மடங்கு. கரையும் உலோகம் மிகுந்த கழிவைச் சிமெண்ட், சுண்ணாம்பு, நிலக்கரிச் சாம்பல் ஆகியவற்றோடு கலந்து கெட்டிப்படுத்திய பின்னரே புதைக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

மழைக்காலத்தின் சோதனை

நமது நாட்டில் ஆண்டு மழையின் பெரும்பகுதி சில மாதங்களில் பெய்துவிடுகிறது. ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், திறந்து கிடக்கும் ஒரு ஹெக்டேர் புதைகுழியில் ஒரு கோடி லிட்டர் நீர் விழும். அது முழுவதும் கழிவோடு கலந்தால், சுத்திகரிக்க வேண்டிய கசிவுநீரின் அளவு நிலையத்தின் திறனை மீறிவிடும். எனவே கழிவு கொட்டப்படும் பகுதியைச் சிறியதாக வைத்துக் கொள்வதும், மழைக்கு முன் எஞ்சிய பகுதியைத் தாளால் மூடுவதும், வெளியிலிருந்து வரும் ஓடுநீரைச் சுற்றுக் கால்வாய்களால் திருப்பிவிடுவதும் அவசியம்.

அடித்தளத் தாளின் மேல் தேங்கும் கசிவுநீரின் உயரம் 30 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. நீரின் உயரம் மிகுந்தால் அழுத்தம் மிகும். சிறு துளையும் பெருங்கசிவாகும். ஆதலால் நாள்தோறும் இறைத்த கசிவுநீரின் அளவு, பெய்த மழையின் அளவு ஆகிய இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதி வரும் வழக்கம் பயனுள்ளது. மழை மிகுந்தும் இறைத்த நீர் குறைந்திருந்தால், குழாய் அடைபட்டிருக்கிறது அல்லது நீர் வேறு வழியில் செல்கிறது என்று பொருள். விலையுயர்ந்த கருவி ஏதுமின்றியே இந்த எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. சரிவுகளில் வெடிப்பும் தாழ்வும் தோன்றியுள்ளனவா, காற்றில் தூசும் ஆவியாகும் கரிமப் பொருள்களும் எவ்வளவு உள்ளன என்பவற்றையும் இதைப் போலவே தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

கிணறுகள் கூறும் செய்தி

நிலத்தடி நீரின் கண்காணிப்புக்குக் குறைந்தது நான்கு கிணறுகள் வேண்டும். நீர் புதைநிலத்தை நோக்கி வரும் மேற்புறத்தில் ஒன்று. அதைக் கடந்து செல்லும் கீழ்ப்புறத்தில் மூன்று. மேற்புறக் கிணறு இல்லையெனில் ஒப்பீட்டுக்கு வழியில்லை. தொழிற்பேட்டைகளில் ஏற்கெனவே பல ஆலைகள் இயங்குகின்றன. மாசு எங்கிருந்து வந்தது என்ற தகராறு எழும்போது, மேற்புறக் கிணற்றின் பதிவே சாட்சியாக நிற்கும். அதுபோன்றே, முதல் வண்டிக் கழிவு வருவதற்கு முன்னரே, எல்லாப் பருவங்களிலும் எடுக்கப்பட்ட அடிப்படை அளவீடுகளும் தேவை. அவை இல்லாத புதைநிலத்தில் பிற்பாடு எடுக்கப்படும் எந்த அளவும் ஐயத்துக்குரியதாகிவிடும்.

கிணற்றின் இடமும் எளிதில் முடிவு செய்யத்தக்கதன்று. வண்டல் நிலத்தில் நீர் ஓரளவு சீராக நகரும். மாளவப் பீடபூமியைப் போன்ற கரும்பாறை நிலத்திலோ நீர் பாறை வெடிப்புகளின் வழியே செல்கிறது. வெடிப்பு ஒரு திசையிலும் கிணறு வேறு திசையிலும் இருந்தால், கிணற்று நீர் தூய்மையாகவே இருக்கும்; சற்றுத் தொலைவிலுள்ள உழவரின் கிணறு கெட்டுப்போயிருக்கும். அருகிலுள்ள வயல்களில் மின்மோட்டார்கள் இடைவிடாது இயங்கினால் நீரோட்டத்தின் திசையே மாறவும் கூடும். ஆகையால் கண்காணிப்புக் கிணறுகளோடு, சுற்றியுள்ள கிராமங்களின் குடிநீர்க் கிணறுகளையும் பட்டியலில் சேர்த்துக் கொள்ளுதல் அறிவுடைமையாகும்.

மாதிரி எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். நெடுநாள் அசைவின்றி நின்ற நீர், நிலத்தடி நீரின் உண்மைத் தன்மையைக் காட்டாது. கிணற்றுக் குழாயில் நிற்கும் நீரைப்போல் சுமார் மூன்று மடங்கை இறைத்து வெளியேற்றிய பின்னரே மாதிரி எடுப்பது வழக்கம். உலோகச் சோதனைக்கான மாதிரியில் சிறிதளவு நைட்ரிக் அமிலம் சேர்க்காவிடில், உலோகம் குப்பியின் சுவரிலேயே படிந்துவிடும். ஆய்வறிக்கையில் ‘இல்லை’ என்று வரும். தவறான முறையில் கிடைத்த நல்ல முடிவு, சோதனையே செய்யாததைவிடத் தீங்கானது. ஏனெனில் அது பொய்யான நிம்மதியைத் தருகிறது.

எல்லாப் பொருள்களும் மண்ணில் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. ஈயம், காட்மியம் போன்றவற்றைக் களிமண் பற்றி நிறுத்திக்கொள்ளும். அவை மெதுவாகவே வரும். குளோரைடு எதனாலும் நிறுத்தப்படாமல் நீரோடு நீராக வந்துவிடும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமும் விரைந்து நகர்வது. எனவே குளோரைடும், நீரின் மின்கடத்துத் திறனும் உயர்வது, பின்னால் வரவிருக்கும் நஞ்சுக்கு முன்னோடியாக அமையலாம்.

வரம்பும் போக்கும்

இவ்விடத்தில் அதிகாரிகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எடுத்துக்காட்டாக, கீழ்ப்புறக் கிணறு ஒன்றில் அரையாண்டுக்கு ஒருமுறை எடுத்த குளோரைடு அளவு லிட்டருக்கு 60, 64, 71, 83, 98 மில்லிகிராம் என்று இருப்பதாகக் கொள்வோம். குடிநீருக்கு ஏற்கத்தக்க வரம்பு 250 மில்லிகிராம். ஐந்து அறிக்கைகளையும் தனித்தனியே பார்ப்பவர், ஒவ்வொன்றிலும் ‘வரம்புக்கு உட்பட்டது’ என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கோப்பை மூடிவிடலாம். அவர் எழுதியதில் பிழையில்லை. ஆனால் ஐந்தையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்ப்பவர், அளவு ஏறிக்கொண்டே போவதையும், ஏறும் வேகமும் கூடுவதையும் உடனே காண்பார். மேற்புறக் கிணற்றில் அதே காலத்தில் மாற்றமில்லையெனில், அடித்தளத்தில் கசிவு உண்டென்று ஐயுறுவதற்குப் போதிய காரணம் இருக்கிறது.

வரம்பு என்பது குடிப்பவருக்காக வகுக்கப்பட்டது. காவல் புரிபவர் பார்க்க வேண்டியது போக்கு. வரம்பு மீறப்படும் வரை காத்திருந்தால், அடித்தளம் பெற்றுத்தந்த காலம் முழுவதும் வீணாகிவிடும். போக்கைக் கண்டு விழித்துக்கொண்டால், மறு மாதிரி எடுத்து உறுதி செய்தல், இடைப் படுகையில் சேரும் நீரை அளத்தல், கசிவுநீரின் உயரத்தைக் குறைத்தல், அக்குழியில் புதிய கழிவை நிறுத்துதல், அண்மைக் கிராமத்துக்கு மாற்றுக் குடிநீர் வழங்குதல் ஆகிய படிப்படியான நடவடிக்கைகளுக்கு அவகாசம் இருக்கும். எந்த அளவு எட்டப்பட்டால் எந்த நடவடிக்கை, அதை எடுப்பவர் யார் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தல் வேண்டும். நெருக்கடி நேர்ந்த பின் கூடும் குழுக்களால் காலம்தான் கழியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலும் மாதிரிகளை எடுத்துச் சோதனைக்கு அனுப்புபவர் புதைநிலத்தை நடத்துபவரே. அவருடைய வருவாய், உள்ளே வரும் கழிவின் எடையைப் பொறுத்தது. கசிவு உண்டென்ற அறிக்கை அவ்வருவாயைத் தடுத்துவிடும். நேர்மையாளரிடத்திலும் இத்தகைய நிலை தயக்கத்தை உண்டாக்கும். எனவே மாநில வாரியம் முன்னறிவிப்பின்றித் தனியே மாதிரிகள் எடுத்து ஒப்பிடுவது இன்றியமையாதது. முடிவுகளைக் கிராமப் பஞ்சாயத்தின் அறிவிப்புப் பலகையில், அவ்வூர் மக்களின் மொழியில், முந்தைய ஆண்டுகளின் அளவுகளோடு சேர்த்து எழுதி வைத்தால், மக்களின் அச்சம் ஆதாரமற்றதாயின் அது நீங்கும். ஆதாரமுடையதாயின் விரைவில் கவனிக்கப்படும்.

மூடிய பின்னர்

புதைகுழி நிரம்பியதும் அதன்மீது களிமண், பாலித்தீன் தாள், வடிகால் படுகை, மேல்மண் ஆகியவை இடப்பட்டு, புல் வளர்க்கப்படுகிறது. பார்வைக்கு அது ஒரு பசுமையான மேடு. அப்பொழுதுதான் மறதி என்னும் ஆபத்து தொடங்குகிறது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நயாகரா ஃபால்ஸ் நகரிலுள்ள லவ் கெனால் இதற்குச் சான்று. 1942 முதல் 1953 வரை இரசாயன நிறுவனம் ஒன்று அங்கிருந்த பழைய கால்வாயில் ஏறத்தாழ 21,000 டன் கழிவைப் புதைத்து, களிமண்ணால் மூடி, அந்நிலத்தை ஒரு டாலர் விலைக்கு நகரின் பள்ளி வாரியத்துக்கு விற்றது. இரசாயனங்கள் புதைக்கப்பட்டுள்ள செய்தி விற்பனைப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஆயினும் அங்கு பள்ளி எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. கழிவுநீர்க் குழாய்களுக்காகவும் சாலைகளுக்காகவும் மண் தோண்டப்பட்டது. பின்னாளில் வீடுகளின் நிலவறைகளில் நச்சுநீர் ஊறியது. 1978 ஆகஸ்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, பல நூறு குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. கைவிடப்பட்ட நச்சு நிலங்களைச் சீர்செய்வதற்கான தனிச் சட்டம் 1980இல் அந்நாட்டில் பிறந்தது இதன் விளைவேயாகும். எச்சரிக்கை பத்திரத்தில் இருந்தது. அதை நினைவில் வைத்துக் காவல் செய்வதற்கு எவரும் இல்லை.

புதைநிலம் மூடப்பட்ட பின்னும் 30 ஆண்டுகள் கண்காணிப்புத் தொடர வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. நம் நாட்டு விதிகளும் மூடும் காலத்திலும் அதன் பின்னரும் பொறுப்பு நடத்துபவரையே சாரும் எனக் கூறுகின்றன. ஆனால் பொருளாதார நோக்கில் இதில் ஓர் இடைவெளி இருக்கிறது. கழிவு வரும் வரைதான் வருவாய். அதன் பின்னர் செலவு மட்டுமே. வருவாயற்ற பணியை முப்பதாண்டுகள் செய்வதற்கு நிறுவனம் அப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

கணக்கிட்டுப் பார்த்தால் இதற்கான தீர்வு கைக்கெட்டாததன்று. எடுத்துக்காட்டாக, மூடிய பின் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் கண்காணிப்புக்குத் தேவை எனவும், விலைவாசி உயர்வு போக 5 சதவீத வட்டி கிடைக்கும் எனவும் கொள்வோம். 30 ஆண்டுகளுக்கு இச்செலவைத் தாங்க, மூடும் நாளன்று கையிருப்பில் இருக்க வேண்டிய தொகை சுமார் 1.54 கோடி ரூபாய். அப்புதைநிலம் தன் ஆயுளில் 3 லட்சம் டன் கழிவை ஏற்றதாயின், டன் ஒன்றுக்கு 51 ரூபாய் வீதம் வாயிலிலேயே வசூலித்துத் தனி நிதியில் சேர்த்திருந்தால் போதுமானது. பழுது நேர்ந்தால் சீர்செய்வதற்கும் நிதி வேண்டுமெனில், இதைப்போல் சில மடங்கு. இத்தொகை நடத்துபவரின் கணக்கோடு கலவாமல், வாரியத்தின் ஒப்புதலின்றி எடுக்க முடியாதபடி இருத்தல் வேண்டும். பிச்ரியில் வட்டியோடு வளர்ந்த கோடிகளோடு ஒப்பிட்டால் இச்சிறு கட்டணம் எத்துணை மலிவானது என்பது விளங்கும். மேலும், புதைப்பதன் உண்மையான விலை வாயிலிலேயே தெரிந்துவிட்டால், கழிவைக் குறைக்கும் உற்பத்தி முறைகளைத் தேடுவதற்குத் தொழிற்சாலைகளுக்கு அதுவே தூண்டுகோலாகும்.

முடிவுரை

தொழில் வளர்ச்சி நாட்டுக்குத் தேவை. மருந்தும், சாயமும், உலோகமும் வேண்டுமெனில் அவற்றின் கழிவையும் ஏற்று வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்கு அண்மையில் வாழும் மக்களிடம், ‘அஞ்ச வேண்டாம்’ என்று கூறுவதால் மட்டும் நம்பிக்கை பிறக்காது. அவர்கள் கேட்கும் வினாக்கள் எளியவை: எங்கள் கிணற்று நீரைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு என்ன மாற்றம்? இந்நிறுவனம் போய்விட்டால் யார் பார்ப்பார்கள்? இவற்றுக்கு ஏட்டைத் திறந்து விடை காட்டக்கூடிய நிலையில் இருக்கும் புதைநிலமே பாதுகாப்பான புதைநிலமாகும்.

போபால் கழிவின் சாம்பல் எந்த மண்ணில் இடம்பெற்றாலும், 2055ஆம் ஆண்டிலும் அதன் கீழ்ப்புறக் கிணற்றில் ஒருவர் நீர் இறைத்து மாதிரி எடுக்க வேண்டியிருக்கும். அவருக்குச் சம்பளம் வழங்கும் நிதியும், அவர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான இன்றைய அளவீடுகளும் ஆயத்தமாக இருக்க வேண்டுமெனில், அவற்றுக்கான ஏற்பாடு இப்பொழுதே செய்யப்பட வேண்டும்.